வவுனியாவில் ஏறி முல்லைத்தீவில் இறங்கினோம்

இந்தச் சைக்கிள் பயணத்துக்கு ஆனி மாதத்தைப் பிடித்ததே சோளகக் காற்றை நம்பித்தான். வவுனியாவிலிருந்து மாங்குளம் வரை ஏ-9 வீதியில் வடக்கே ஓட வேண்டும். மாங்குளத்தில் வலப்பக்கம் திரும்பினால் ஒட்டுசுட்டான், முள்ளியவளை, பிறகு முல்லைத்தீவு. கிட்டத்தட்ட நூறு கிலோமீற்றர். தென்மேற்கிலிருந்து வீசும் காற்று வழி முழுக்க முதுகுப் பக்கம் நின்று தள்ளிவிடும். அதே மாதத்தில் அதே பாதையால் திரும்பி ஓட நினைக்கிறவர்களுக்கு என் அனுதாபம். நாங்கள் சைக்கிள்களை லொறியில் ஏற்றிவிட்டு பஸ்ஸில்தான் திரும்பி வந்தோம்.

பெற்றோரும் பிள்ளைகளுமாக ஒரு கூட்டம். மகளுக்குப் பதினாலு வயது, இரவல் வாங்கிய கியர் சைக்கிள். எனக்கு என் பழைய லுமாலாதான். விடிய நாலரைக்கே வெளிக்கிட்டோம். அந்த நேரத்தில் பயப்பட வேண்டியது கொழும்பு பஸ்களுக்கு மட்டுமல்ல, தார் ரோட்டில் படுத்திருக்கும் மாடுகளுக்கும்தான். கறுப்பு மாடென்றால் கிட்டப் போகும்வரை தெரியாது.

ஓமந்தையைத் தாண்டும்போது, 2002இல் போர்நிறுத்தத்தோடு பாதை திறந்தபிறகு அங்கே சோதனைச்சாவடியில் வரிசையில் நின்ற கதையைத் தொடங்கினேன். மகள் இரண்டு மிதி கூட மிதித்து முன்னுக்குப் போய்விட்டாள். சரி, மூச்சு வாங்கும்போது வரலாறு கேட்க யாருக்குப் பொறுமை?

புளியங்குளத்தில் தேத்தண்ணீர் குடிக்க நின்றபோது பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, நீங்கள் முன்னுக்குப் போங்கோ. பின்னால நிண்டு பாத்துக்கொண்டிருந்தா எனக்கு ஓட ஏலாது."

போனேன். ஆனாலும் கழுத்து என் பேச்சைக் கேட்கவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்து ஒரு தடவை மண் கரைக்கே இறங்கிவிட்டேன்.

கனகராயன்குளத்துக்குக் கிட்ட அவளுடைய பின் ரயரில் காற்றுப் போய்விட்டது. நான் திரும்பி வந்து சேர்வதற்குள், கூட்டத்திலேயே மூத்த ஐயா சைக்கிளைக் கவிழ்த்து வைத்திருந்தார். பக்கத்து வீட்டில் ஒரு பேசினில் தண்ணீர் வாங்கி, ரியூப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கினார்கள். குமிழி வந்த இடத்தில் அவள் விரலை வைத்துப் பிடித்தாள். முள் இன்னும் ரயரிலேயே குத்தி நின்றது. அரத்தாளால் தேய்த்தது, சொலூசன் பூசியது, அது காயும்வரை ஊதாமல் பொறுத்தது எல்லாம் அவள்தான். "அவசரப்பட்டா ஒட்டாது பிள்ளை" என்று ஐயா ஒருதரம் சொன்னதோடு சரி. நான் சொல்லியிருந்தால் பத்துத்தரம் சொல்லியிருப்பேன். பிள்ளையோடு சைக்கிள் ஓடுவதென்றால் கூட்டமாகப் போவதே நல்லது என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம். தாய் சொன்னால் புறுபுறுக்கிற பிள்ளை, வேறு ஆட்கள் சொன்னால் கேட்கும்.

1996இல் சண்டையால் கிளிநொச்சியை விட்டு ஸ்கந்தபுரம் போனபோது நான் அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்தேன். கரியரில் அரிசி மூட்டை, காண்டிலில் குடம். அப்போதைய வன்னியில் சைக்கிள்தான் லொறி, அதுதான் அம்புலன்சும். இதை மகளிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம்.

மாங்குளம் தாண்டினால் காடு. வீதிக்கரையில் ஒரு அம்மா பாலைப்பழம் சுண்டால் அளந்து விற்றுக்கொண்டிருந்தார். மகள் அதற்குமுன் சாப்பிட்டதில்லை. மஞ்சள் பழம், தேன் மாதிரி இனிப்பு, ஆனால் பால் உதட்டில் ஒட்டினால் இலேசில் போகாது. அரை சுண்டு தின்றபிறகு வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு ஓடினாள். எனக்கும் அதே கதிதான். அதனால் கொஞ்சத் தூரம் இருவருக்கும் வாக்குவாதம் இல்லை.

ஒட்டுசுட்டான் பக்கம் யானை நடமாட்டம் உண்டு, அங்கே பொழுதுபட விடக்கூடாது. நாங்கள் மத்தியானமே கடந்துவிட்டோம். பத்து மணிக்குப் பிறகு காற்று எழும்பியதால் வெயில் பெரிதாகத் தெரியவில்லை. அதுதான் ஆபத்து, தண்ணீர் குடிக்க மறந்துபோகும். முள்ளியவளையில் இரண்டு பிள்ளைகளுக்குத் தலைச்சுற்று. உப்பும் சீனியும் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் குடித்து, மரநிழலில் கிடந்து எழும்பினார்கள். மகள் அந்த நேரம் முன் கூட்டத்தோடு போய்விட்டிருந்தாள், முல்லைத்தீவில்தான் கண்டேன்.

அடுத்தது முல்லைத்தீவிலிருந்து புதுக்குடியிருப்பு, விசுவமடு வழியாகப் பரந்தனுக்கு. மேற்கே போகிற பாதை என்பதால் தை மாதம், மழை விட்டு வாடைக்காற்று இருக்கும்போது போகலாம். மகளுக்குத் தகப்பனையும் கூட்டிக்கொண்டு போக வேண்டுமாம். அவருடைய சைக்கிளுக்குச் செயின் மாற்ற வேண்டும், சீற்றும் கிழிந்து கிடக்கிறது. அதைவிட முதலில் அவர் ஓம் சொல்ல வேண்டும்.