மாரிஸ் மைனர் பிரேக்: 0.7 மில்லி துளையோடு ஆறு வாரம்

ஒருவழியாகப் பிரேக் இறுகாமல் சரியாக விடுகிறது. காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் போய்த் திரும்பிய பிறகும் நான்கு டிரம்மிலும் கை வைக்க முடிகிறது. போன மாதம் வரை ஐந்தாவது கிலோமீட்டரிலேயே முன்சக்கரம் இரண்டும் இறுகிக்கொள்ளும். அரை மணி நேரம் நிழலில் நிறுத்தினால் தானாக விடும். அந்த ‘தானாக விடும்’ என்பதுதான் துப்பு என்று பிடிபட ஆறு வாரம் ஆயிற்று.

வண்டி மாரிஸ் மைனர் 1000 என்ற பழைய பிரிட்டிஷ் கார், 948 சிசி, நான்கு பக்கமும் 7 அங்குல டிரம். வருடக்கணக்கில் கார் கொட்டகையில் நின்றது. பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர்கள் ஆறையும் (முன்னால் சக்கரத்துக்கு இரண்டு, பின்னால் ஒன்று) கழற்றி, ரப்பர் மாற்றி, புது லைனிங் ஒட்டியதில் சொல்ல ஒன்றுமில்லை. வம்பெல்லாம் பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டரில்தான்.

மைனரை வடிவமைத்த இசிகோனிஸ் மகா கெட்டிக்காரர், மறுக்கவில்லை. ஆனால் 1948-இல் வந்த இந்த வண்டியில் மாஸ்டர் சிலிண்டரை டிரைவர் காலுக்குக் கீழே, சேஸிஸ் பெட்டிக்குள் ஒளித்து வைத்தாரே, அதற்கு மன்னிப்பே கிடையாது. ஆயில் ஊற்றும் மூடி தரை விரிப்புக்கு அடியில். அதைத் திறக்கும்போதெல்லாம் மண் உள்ளே விழும். பிடித்திருப்பது இரண்டே போல்ட். நட்டைக் கழற்றிவிடலாம், போல்ட்டை உருவ முடியாது. முன்சக்கர ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி, டார்ஷன் பார், குறுக்கே நிற்கும்.

டார்ஷன் பாரை இறக்காமல் போல்ட்டை அறுத்து எடுப்பவர்களும் உண்டு. நாங்கள் இறக்கினோம். சஸ்பென்ஷனின் கீழ்க்கைக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, மேல் இணைப்பைப் பிரித்து, பொறுமையாக இறக்கி முறுக்கு முழுக்கப் போன பிறகுதான் அதன்மேல் கை வைக்க வேண்டும். அவசரப்பட்டால் எலும்பு போகும். பார் முனையின் பற்கள் (ஸ்ப்ளைன்) இறுகியிருந்தால் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். பாரின் உடம்பில் சுத்தியலோ உளியோ படக்கூடாது. சின்னக் கீறல்கூடப் பின்னால் அங்கேயே முறியக் காரணமாகும். இடது, வலது மாறவும் கூடாது. திரும்பப் பூட்டும்போது பார் இருக்கும் பக்கம் நட்டு வருகிற மாதிரி போல்ட்டைத் திருப்பிச் செருகினோம். அடுத்த தடவை பாரைத் தொட வேண்டியதில்லை.

ஜாக்கியை நேராகத் தரையில் வைக்காதீர்கள். எங்கள் கொட்டகையில் ஆத்தங்குடிக் கல். ஒன்று விரிசல் விட்டுவிட்டது, ஆத்தா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். இப்போது அடியில் பழைய தேக்குப் பலகை போடுகிறோம்.

சிலிண்டரின் உள்வாய் 7/8 அங்குலம், அதாவது 22.2 மில்லி. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நின்ற வண்டியில் அந்த ஈரம் அடியில் தங்கி இரும்பை அரிக்கும். உள்சுவரைத் தேய்க்கும் ஹோன் போட்டுப் பார்த்தோம், குழி போகவில்லை. எனவே உள்ளே புதுக் குழாய் ஏற்றுவது, அதாவது ஸ்லீவ். ஸ்டீலா பித்தளையா என்று பெரிய விவாதமே நடக்கும். என் ஓட்டு பித்தளைக்கு. சுலபமாகத் துளை விழும், துருப்பிடிக்காது. ஒன்றரை மில்லி சுவர் போதும். அழுத்தி ஏற்றியதும் ஸ்லீவ் கொஞ்சம் சுருங்கும் என்பதால் கடைசி அளவை ஏற்றிய பிறகுதான் ஹோனில் கொண்டுவர வேண்டும்.

இனிமேல்தான் விஷயம். ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் அடியில் இரண்டு துளை தெரியும். பெரியது பிஸ்டன் இடுப்புக்கு ஆயில் கொடுக்கிறது. சிறியது, ஊசிமுனை அளவில் இருப்பது, பிஸ்டனுக்கு முன்னால் இருக்கும் ரப்பரான மெயின் கப்பின் உதட்டுக்குச் சற்று முன்னால் திறக்கும். பெடலை விட்டதும் லைனில் மிச்சமிருக்கும் ஆயில், சூட்டில் விரிந்த ஆயில் எல்லாம் அந்தச் சிறு துளை வழியாகத்தான் மேலே திரும்ப வேண்டும். அது மூடினால் ஆயிலுக்குப் போக்கிடம் இல்லை. ஓட ஓடச் சூடு, சூட்டில் அழுத்தம், அழுத்தத்தில் மேலும் சூடு. ஆறினால் விடும்.

முதல் லேத் பட்டறையில் ஸ்லீவை அழகாக ஏற்றிவிட்டு, ‘ஆயில் நல்லா ஓடட்டும்’ என்று இரண்டையும் 3 மில்லியில் போட்டுவிட்டார்கள். ஒரு வாரம் பிரேக் பிரமாதம். பிறகு பெடல் மெல்ல இறங்க ஆரம்பித்தது. ஆயிலில் கறுப்புத் துகள். கப்பின் உதடு அழுத்தத்தோடு பெரிய துளையைக் கடக்கும்போது ரப்பர் உள்ளே பிதுங்கி, ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் கடிபட்டிருக்கிறது. ஸ்லீவ் வீண்.

இரண்டாவது ஸ்லீவில் துளையை நாங்களே போட்டோம். அளந்து குறிப்பது வெட்டி வேலை. வார்ப்பில் ஏற்கெனவே இருக்கும் பழைய துளையே வழிகாட்டி. முதலில் அதில் அடைந்திருக்கும் துருவையும் லேத் பிசிரையும் மெல்லிய கம்பியால் எடுத்துவிட்டு, ஆயில் மூடி வழியாக 0.7 மில்லி பிட்டை விரலால் சுழற்றி இறக்க வேண்டும். இந்த அளவு பிட் ஹார்டுவேர் கடையில் கிடைக்காது. எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடையில் சர்க்யூட் போர்டு துளைக்க வைத்திருப்பார்கள்; மதுரையில் வாங்கினோம். கார்பைடு வேண்டாம், கொஞ்சம் சாய்ந்தாலே முறிந்து துளைக்குள்ளேயே நின்றுவிடும். எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) கேளுங்கள், நான்காக வாங்குங்கள்.

துளை விழுந்ததும் உள்பக்கம் பிசிர் நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, கப்பைக் கிழிக்கும். குச்சியில் 600 நம்பர் எமரியைச் சுற்றி, பிரேக் ஆயிலில் நனைத்து உருட்டினோம். போய்விட்டதா என்று பார்க்கப் பஞ்சைக் குச்சியில் சுற்றி உள்ளே இழுக்க வேண்டும். ஒரு இழைகூட மாட்டக்கூடாது.

உள்ளே போகும் வரிசை: வாஷர், செக் வால்வ், ஸ்பிரிங், மெயின் கப், வளைந்த மெல்லிய தகடு, பிஸ்டன், நிறுத்து வாஷர், சர்க்லிப். அந்தத் தகட்டைக் குப்பை என்று நினைத்துப் போட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் பிஸ்டன் திரும்பும்போது கப்பை அதன் துளைகளுக்குள் உறிஞ்சிக் கெடுக்கும். எல்லாவற்றையும் பிரேக் ஆயிலில் நனைத்தே ஏற்றுங்கள். கிரீஸோ எஞ்சின் ஆயிலோ பட்டால் ரப்பர் ஊதிவிடும்.

இவ்வளவும் செய்து மறுபடி இறுகியதே! துளையில் குறை இல்லை. தளர்ந்த பெடல் ஸ்பிரிங்கும் தடித்த கால்மிதியும் சேர்ந்து பெடலை முழுக்கத் திரும்ப விடவில்லை. பெடலிலிருந்து பிஸ்டனைத் தள்ளும் புஷ்ராடு அதை ஒரு மயிரிழை தள்ளியே வைத்திருந்தது. அந்த மயிரிழை போதும், 0.7 மில்லி துளையை மூட. இப்போது ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஏறக்குறைய 1 மில்லி விட்டிருக்கிறோம். சோதிப்பது சுலபம்: மூடியைத் திறந்து ஒருவர் டார்ச் அடிக்க, இன்னொருவர் பெடலைக் கையால் மெல்ல அழுத்த, முதல் கணத்தில் சிறு துளையிலிருந்து ஆயில் பீச்ச வேண்டும், உடனே நிற்க வேண்டும். பீச்சவில்லை என்றால் துளை மூடியே இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பெயின்டில் விழுந்தால் உடனே தண்ணீர்.

வழியில் இறுகினால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. இறுகிய சக்கரத்தில் காற்று எடுக்கும் நிப்பிளைத் திறந்து பாருங்கள். ஆயில் பீச்சிச் சக்கரம் விட்டால் அழுத்தம் அடைபட்டிருக்கிறது. விடவில்லை என்றால் ஷூ, சிலிண்டர் அல்லது ஹேண்ட் பிரேக் கேபிள். அழுத்தம்தான் என்றால், அடுத்த தடவை இறுகும்போது நிப்பிளைத் தொடுமுன் மாஸ்டரிடம் பைப் யூனியனைத் தளர்த்திப் பார்க்கலாம். அங்கேயே விட்டால் மாஸ்டர் குற்றவாளி. விடாமல், நிப்பிளில் மட்டும் விட்டால் ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கிறது. பழைய ஹோஸ் வெளியே பளபளவென்றுதான் இருக்கும்.

காற்று எடுப்பதில் ஒரே குறிப்பு: முதலில் எல்லா ஷூவையும் டிரம்மோடு இறுக அட்ஜஸ்ட் செய்துவிடுங்கள். பிஸ்டன்கள் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் காற்றுக்கு இடம் குறைவு. இடது பின், வலது பின், இடது முன், வலது முன் என்று முடித்துவிட்டுத் தளர்த்தலாம். அப்பச்சி (அப்பா) மிதிக்க, தம்பி நிப்பிளில். அரை லிட்டர் பாட்டில் ஒன்றே முக்கால் ஆயிற்று.

ஸ்பேனர் விஷயம்: 1/2 அங்குல ஏ.எஃப். (எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே அளக்கும் அங்குல அளவு) தலைக்கு 13 மில்லி ஸ்பேனர் போட்டால் 0.3 மில்லி ஆடும், தலை உருண்டுவிடும். ஏ.எஃப். செட் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் எப்போதாவது தட்டுப்படும், பித்தளைக் குத்துவிளக்குகளுக்கு நடுவே. ரப்பர் கிட் மட்டும் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தது. சென்னைப் புதுப்பேட்டையில் அளவு சொல்லிக் கேட்டால் ‘இதுவும் அதுதான் சார்’ என்று வேறு வண்டிக் கப்பைக் கொடுக்கிறார்கள். உதட்டை வெர்னியரில் அளக்காமல் வாங்காதீர்கள்.

இன்னும் ஹேண்ட் பிரேக் கேபிள் பாக்கி. வலது பின்சக்கரத்தில் மட்டும் இரண்டு பல் தாமதமாகப் பிடிக்கிறது. அதை விட்டுவிட்டு எஸ்.யூ. கம்பெனிக் கார்புரேட்டரைப் பிரித்து மேசையில் பரப்பியாயிற்று. 20 சதவீத எத்தனால் பெட்ரோலில் பெட்ரோல் விடும் ஜெட்டின் அடியில் இருக்கும் பழைய கார்க் சீல் கசிகிறது. விட்டான் ரப்பர் ஓ-ரிங் போட்டுப் பார்க்கப் போகிறோம். ஜெட் சிக்காமல் மேலும் கீழும் போகிறதா என்பது ஓடவிட்டால்தான் தெரியும்.