செகண்டரி மட்டும் ஊற்றிய துண்டு

மாதிரியிலுள்ள புரதங்களைப் பிரித்து, தேடும் புரதத்தை ஆன்டிபாடியால் அடையாளம் காணும் சோதனைதான் வெஸ்டர்ன் பிளாட். அதில் பேண்ட் (புரதம் இருக்கும் இடத்தில் தெரியும் பட்டை) சரியாக விழவில்லை என்றால் பழி உடனே பிரைமரி ஆன்டிபாடி மேல், அதாவது புரதத்தைப் பிடிக்கும் முதல் ஆன்டிபாடி மேல் போகும். பிரைமரியைப் பிடித்து, தன்மேல் ஒட்டிய என்சைமால் சிக்னல் தரும் செகண்டரி ஆன்டிபாடியை யாரும் சந்தேகிப்பதில்லை. "அது எல்லாருக்கும் பொதுதானே, நேற்றுகூட வேலை செய்ததே" என்று விட்டுவிடுவார்கள். அங்கேதான் பல வாரங்கள் வீணாகின்றன.

சந்தேகம் வந்த அன்றே மெம்பிரேனிலிருந்து (புரதங்கள் ஒட்டியிருக்கும் தாள்) ஒரு லேனை (ஒரு மாதிரி ஓடிய வரிசை) வெட்டி எடுத்து, பிரைமரி போடாமல் செகண்டரி மட்டும் போட்டுப் பாருங்கள். அதிலும் பேண்ட் தெரிந்தால், அது நீங்கள் தேடும் புரதம் அல்ல. எலித் திசுவில் மவுஸ் பிரைமரி (எலியில் உருவானது) பயன்படுத்துவோருக்கு இது அடிக்கடி நேரும். திசுவில் தங்கிய ரத்தத்தில் எலியின் சொந்த ஐஜிஜி (ரத்தத்தில் இயல்பாக உள்ள ஆன்டிபாடி) இருக்கும். ஆன்டி-மவுஸ் செகண்டரி அதையும் பிடித்து, அந்த ஆன்டிபாடியின் இரு பகுதிகளை, 50 கிலோடால்டனில் (புரத எடையின் அலகு) கனச் சங்கிலியையும் 25-இல் லேசான சங்கிலியையும் காட்டும். இம்யூனோபிரெசிபிடேஷன் (ஆன்டிபாடியால் ஒரு புரதத்தை மட்டும் பிடித்துப் பிரித்தெடுப்பது) செய்த மாதிரியில், பிடிக்கப் போட்ட ஆன்டிபாடியே இப்படித் தெரியும். தேடும் புரதமும் 50 அருகில் இருந்தால், லேசான சங்கிலியை மட்டும் பிடிக்கும் செகண்டரிக்கு மாறுவதுதான் நல்ல வழி.

மெம்பிரேனின் காலி இடங்களில் ஆன்டிபாடி ஒட்டாதபடி மூட, அதாவது பிளாக் செய்ய, போடும் பால் பவுடர் இன்னொரு கண்ணி. ஆடும் மாடும் நெருங்கிய உறவு. பிரைமரி ஆட்டில் உருவானது, செகண்டரி டாங்கி ஆன்டி-கோட் (கழுதையில் உருவாகி ஆட்டு ஆன்டிபாடியைப் பிடிப்பது) என்றால், பாலில் இருக்கும் மாட்டு ஐஜிஜியும் அந்த செகண்டரியைப் பிடித்துக்கொள்ளும். பேண்ட் மங்கும், அல்லது மெம்பிரேன் முழுக்கக் கறுக்கும். பாலுக்குப் பதில் போடும் சாதாரண பிஎஸ்ஏவிலும் (மாட்டுச் சீரத்தின் அல்புமின் புரதம்) இந்த ஐஜிஜி கொஞ்சம் கலந்திருக்கும் என்பதால் அதுவும் முழுத் தீர்வாகாது. செகண்டரி எந்த விலங்கில் உருவானதோ அதன் சீரத்தால், இங்கே கழுதை சீரத்தால், 5 சதவீதத்தில் பிளாக் செய்யுங்கள்.

இனி செகண்டரியின் அளவு. இதில்தான் கை அதிகம் தவறுகிறது. 10 மில்லி கரைசலில் 1:10,000 வேண்டுமென்றால் 1 மைக்ரோலிட்டர். கிளிசரால் கலந்த ஸ்டாக் பிசுபிசுவென்றிருக்கும். பிப்பெட் டிப்பின் வெளிப்புறம் ஒட்டிக்கொண்டு வருவதே இன்னொரு மைக்ரோலிட்டர் ஆகிவிடலாம். டிப்பின் நுனியை மட்டும் திரவத்தில் தொடவிட்டு 2 மைக்ரோலிட்டர் எடுங்கள். அதை 18 மைக்ரோலிட்டர் டிபிஎஸ்டி பஃபரில் கலந்து, அதிலிருந்து 10-ஐ 10 மில்லியில் சேருங்கள்.

அதிகமாகிவிட்டால் என்ன நடக்கும் என்பதை இருட்டறையில் கண்ணாலேயே பார்க்கலாம். இசிஎல் (செகண்டரியின் என்சைம் பட்டால் ஒளிரும் கரைசல்) ஊற்றியதும் பேண்ட் நீலப்பச்சையாகப் பளிச்சென்று ஒளிரும், சில நிமிடங்களில் அணைந்துவிடும். படத்தில் பேண்டின் ஓரம் கறுப்பாக, நடுவில் வெள்ளையாக ஓட்டை விழுந்திருக்கும். மெம்பிரேனில் அதே இடத்தில் பழுப்புக் கறை. செகண்டரியில் ஒட்டிய என்சைமான எச்ஆர்பி அங்கே சப்ஸ்ட்ரேட்டை (இசிஎல்லில் உள்ள வினைப்பொருளை) முழுக்கத் தின்று தீர்த்துவிட்டது என்று அர்த்தம். இதைப் பார்த்து "சிக்னல் போதவில்லை" என்று செகண்டரியை இன்னும் கூட்டுவது பரிதாபமான தவறு. 1:20,000-க்கு இறங்குங்கள்.

கிருமி வளராமலிருக்கப் போடும் சோடியம் அசைடு எச்ஆர்பியை முடக்கும். திரும்பப் பயன்படுத்தும் பிரைமரியில் 0.02 சதவீதம் இருந்தால் பரவாயில்லை, கழுவும்போது போய்விடும்; செகண்டரி கரைசலிலும் கழுவும் பஃபரிலும் கூடவே கூடாது. அல்கலைன் பாஸ்ஃபடேஸ் என்ற வேறு என்சைம் ஒட்டிய செகண்டரிக்கு அசைடு பிரச்சினையில்லை, ஆனால் பாஸ்பேட் பஃபர் ஆகாது. டியூப் மேல் விலங்கின் பெயரோடு என்சைமின் பெயரையும் எழுதி வையுங்கள். வெறும் "ஆன்டி-ராபிட்" என்று எழுதிய டியூபை அடுத்து எடுப்பவருக்கு அதில் எது ஒட்டியிருக்கிறது என்றே தெரியாது.