பெயர் முதலில், கதை அப்புறம்

ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் கதைகளில் வரும் மந்திரவாதி காண்டால்ஃப். ஆனால் அது முதலில் ஒரு குள்ளனுடைய பெயர். 1937-இல் வெளிவந்த 'தி ஹாபிட்' நாவலின் ஆரம்ப வரைவில் டோல்கீன் மந்திரவாதிக்கு பிளாடோர்தின் என்றுதான் பெயர் வைத்திருந்தார், குள்ளர் தலைவன்தான் காண்டால்ஃப். எழுதிக்கொண்டு போகும்போது தலைவன் தோரின் ஆகிவிட்டான், காண்டால்ஃப் என்ற பெயர் மந்திரவாதிக்குப் போனது.

காண்டால்ஃப், தோரின் இரண்டு பெயரும் ஒரே இடத்தில் எடுத்தவை. ஐஸ்லாந்து, நார்வே பக்கம் அந்தக் காலத்தில் பேசிய பழைய நார்ஸ் மொழியில் 'வோலுஸ்பா' என்று ஒரு பாட்டு, உலகம் பிறந்ததிலிருந்து அழிவது வரை ஒரு குறிசொல்லும் பெண் ஓடின் கடவுளுக்குச் சொல்வதாக வரும். அதன் நடுவே, கதைக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி, சில செய்யுள்கள் முழுக்கக் குள்ளர்களின் பெயர் வரிசை. நாவலில் வரும் குள்ளர்கள் துவாலின், பிஃபுர், பொம்புர், நோரி, ஃபீலி, கீலி, தோரின் எல்லாரும் அங்கேயே இருக்கிறார்கள். நாவலில் வரும் பாலின் மட்டும் அந்த வரிசையில் இல்லை. இந்தப் பாட்டு இருக்கும் முக்கியமான சுவடி 1270-களில் ஐஸ்லாந்தில் தோலில் எழுதப்பட்ட கோடெக்ஸ் ரெகியஸ். இன்று மிஞ்சியிருப்பது 45 ஏடுகள். டென்மார்க் அரசரிடம் போய் 300 வருஷத்துக்கு மேல் அங்கேயே கிடந்து, 1971-இல்தான் கப்பலில் ஊர் திரும்பியது.

பட்டியலில் இருந்து பெயரை உருவுவது யாராலும் முடியும். டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் 'பழைய ஆங்கிலம்' என்ற ஆதிகால ஆங்கிலத்துக்குப் பேராசிரியராக இருந்தவர், பெயருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. 'காந்த்' மந்திரக்கோல், 'ஆல்ஃப்' எல்ஃப், அதாவது வனதேவதை மாதிரி ஒரு இனம். கோலோடு ஊர் சுற்றும் கிழவருக்கு இந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது சரிதானே?

எனக்கு இதைவிடப் பிடித்தது தோரினின் பட்டப்பெயரான ஓக்கன்ஷீல்ட். மூலப் பாட்டில் ஐகின்ஸ்கியால்டி, அதாவது ஓக் மரக் கேடயக்காரன், தனியாக இன்னொரு குள்ளன். டோல்கீன் அதைத் தோரினுக்குப் பட்டப்பெயராக ஒட்டிவிட்டார், அது ஏன் வந்தது என்று 'தி ஹாபிட்'டில் விளக்கம் கிடையாது. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலின் கடைசிப் பாகமாக 1955-இல் வந்த 'தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்' பின்னிணைப்பில்தான் பதில் வருகிறது. போரில் தோரினின் கேடயம் பிளந்துபோக, அதை வீசிவிட்டு ஓக் மரக் கிளை ஒன்றைக் கோடாலியால் வெட்டி இடது கையில் பிடித்துக்கொண்டு, அதனாலேயே வெட்டுகளைத் தடுத்துச் சண்டை போட்டான். பெயர் பல வருஷம் காத்திருந்து தனக்கான கதையை வாங்கிக்கொண்டது. கேட்க நன்றாக இருக்கிறது என்று மட்டும் புராணத்தில் பெயர் பொறுக்கும் இன்றைய ஃபேன்டசி எழுத்தாளர்கள் பலரிடம் நான் தேடுவது இந்தப் பொறுமையைத்தான்.

அதே நாவலில் மந்திர மோதிரத்தை அழிக்கச் சுமந்து போகும் நாயகன் ஃப்ரோடோ விஷயம் இன்னும் ஆழம். முதல் வரைவுகளில் அவன் பெயர் பிங்கோ. ஃப்ரோடோ என்ற பெயரின் நார்ஸ் வடிவம் ஃப்ரோடி, பழங்கதைகளில் வரும் ஒரு டென்மார்க் அரசனின் பெயர். அவன் காலத்தில் அப்பாவைக் கொன்றவனே எதிரில் வந்தாலும் யாரும் கை ஓங்க மாட்டார்களாம், திருட்டும் கிடையாது, யாலாங் வெளியில் ஒரு தங்க மோதிரம் வெகுகாலம் எடுப்பாரில்லாமல் கிடந்ததாம். கேட்டதை எல்லாம் அரைத்துத் தரும் குரோட்டி என்ற திரிகை அவனிடம் இருந்தது. ஃபென்யா, மென்யா என்ற இரண்டு ராட்சதப் பெண்களை அடிமையாக வாங்கி அதைச் சுற்ற வைத்தான். தங்கம் அரை, அமைதி அரை, இன்பம் அரை. ஓய்வு எவ்வளவு என்றால் குயில் கூவாமல் இருக்கும் நேரம், அவ்வளவுதான். பொறுக்க முடியாமல் அவர்கள் அவனுக்கு எதிராக ஒரு படையையே அரைத்துவிட்டார்கள், அன்றிரவே ஃப்ரோடி செத்தான்.

மோதிரம், அமைதி, பேராசை மூன்றும் ஒரே கதையில் இருக்கிறது. தன் ஊருக்குத் திரும்பியபின் எதிரியைக்கூடக் கொல்லாதீர்கள் என்று கெஞ்சும் ஃப்ரோடோவும், கடைசி நேரத்தில் மோதிரத்தை விட மனம் வராத ஃப்ரோடோவும் இந்த அரசனுக்குச் சொந்தக்காரர்கள்தான் என்று நான் நம்புகிறேன். ஃப்ரோடியின் கதையை ஐஸ்லாந்து எழுத்தாளர் ஸ்னோரி ஸ்டுர்லுசன் 13-ஆம் நூற்றாண்டிலேயே 'எட்டா' என்ற நூலில் எழுதி வைத்திருக்கிறார். ஆங்கிலத்தில் முன்பே வந்த மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, முதலில் குரோட்டி வரும் பகுதியைத் தேடிப் படியுங்கள், கடல் ஏன் உப்புக் கரிக்கிறது என்பதுவரை அதில் இருக்கிறது.