பழைய எண்ணோடு முப்பதாயிரம்

நாகர்கோவில் ஜங்ஷனில் நிற்கும் டபிள்யூஏபி-7 வகை மின்சார எஞ்சின்கள் பலவற்றின் எண் 30 என்று தொடங்கும். அது எஞ்சினின் வகைக்கான வரிசை. பிரிட்டனில் அதே 30 வேறு கதை சொல்லும்.

1948 ஜனவரி 1 அன்று அங்கே நான்கு பெரிய ரயில் கம்பெனிகள் அரசுடைமையாயின. ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாக எண் போட்டிருந்ததால் ஒரே எண்ணில் பல எஞ்சின்கள். பழைய எண்களை அழிக்காமல் அவற்றோடு ஒரு பெரிய எண்ணைக் கூட்டினார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது! அந்த நான்கில் சதர்ன் கம்பெனி எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் 30000, லண்டன் மிட்லண்டுக்கு 40000, லண்டன் நார்த் ஈஸ்டர்னுக்கு 60000. 1938-ல் மணிக்கு 126 மைல் ஓடி நீராவி எஞ்சின்களின் உலக சாதனை படைத்த லண்டன் நார்த் ஈஸ்டர்ன் எஞ்சின் மல்லார்டின் எண் அப்போது 4468. 1946-ல் கம்பெனியே எண்களை மாற்றியதில் 22 ஆனது, அப்புறம் 60022.

கிரேட் வெஸ்டர்ன் எஞ்சின்களுக்கு மட்டும் பழைய எண்ணே நிலைத்தது. அவற்றின் எண்கள் வார்ப்புப் பித்தளைப் பலகையில் இருந்தன. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி வார்ப்பது வீண் செலவு. சரியான முடிவு என்றுதான் சொல்வேன்.

நம்ம மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979-ல்தான். கம்பெனி காலத்து எஞ்சினைப் பார்க்க நம் பெரியவர்கள் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போக வேண்டும். அந்தக் காலத்து தென்னிந்திய ரயில்வே எண் பலகைப் படம் யார் வீட்டிலாவது இருந்தால் கமெண்டில் போடுங்க, ரொம்ப நாளாகத் தேடுகிறேன்.