பிள்ளையின் சிறுநீரகத்துக்கு மேலே கட்டி என்று ரிப்போர்ட் வந்தால்

வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு அம்பாசமுத்திரத்துக்கோ வள்ளியூருக்கோ தாய் வீடு வரும் பெண்ணுக்கு அங்கே புது டாக்டர், புது ஸ்கேன் சென்டர். ரிப்போர்ட்டில் வரும் அந்தக் கட்டி, கருவின் அட்ரீனலில், அதாவது சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் ஹார்மோன் சுரப்பியில், ஏற்பட்ட ரத்தக் கசிவாக இருக்கலாம். அது தென்படுவதும் பெரும்பாலும் இந்தக் கடைசி மூன்று மாதத்தில்தான். பிள்ளையின் உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் 20 வார அனாமலி ஸ்கேனில் எல்லாம் சரி என்று எழுதியிருப்பார்கள். அது தப்பில்லை, அப்போது கசிவே இருந்திருக்காது. ஆனால் அந்தப் படங்கள் புகுந்த வீட்டு அலமாரியில் கிடக்கும். தயவுசெய்து மொத்த ஃபைலையும் கையோடு கொண்டுவாருங்கள். பழைய படத்தோடு ஒப்பிடாமல் இந்த நோயை உறுதிசெய்வது கடினம்.

கருவில் அட்ரீனல் பெரிது. பிறக்கும் நேரத்தில் சிறுநீரகத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். ரத்தம் மூன்று வழியாக வருகிறது, வெளியேற முக்கியமாக ஒரே சிரை. வலப்பக்கச் சிரை குட்டையானது, உடலின் கீழ்ப்பாதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் கீழ்ப்பெருஞ்சிரையில் நேரே சேர்கிறது. சுரப்பியும் கல்லீரலுக்கும் முதுகெலும்புக்கும் நடுவே நெருக்குப்படும். அதனால் கசிவு வலப்பக்கம் அதிகம். ஆக்சிஜன் குறைவு, தொற்று, சிரையில் ரத்தம் உறைவது இதற்குக் காரணமாகலாம். பல பிள்ளைகளுக்குக் காரணமே பிடிபடாது. தாய் என்ன சாப்பிட்டாள், எதைத் தூக்கினாள் என்று துருவ வேண்டாம்.

புது ரத்தம் ஸ்கேனில் வெளுப்பாக, கெட்டியான கட்டி மாதிரி தெரியும். ஒன்றிரண்டு வாரத்தில் நடுப்பகுதி கறுக்கும். தயிரில் நீர் பிரிவதுபோல உறைந்த ரத்தத்திலிருந்து நீர் பிரிகிறது. பிறகு இழைகள் ஓடும் நீர்க்கட்டியாகிச் சுருங்கும். பிறந்தபின் ஓரத்தில் சுண்ணாம்பு படியும். இந்த மாற்றத்தைப் பார்த்துத்தான் ரத்தக் கசிவு என்று சொல்ல முடியும். அதனால் ஒற்றை ஸ்கேனை வைத்து எதையும் முடித்து எழுதக் கூடாது; ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கொரு முறை பார்க்க வேண்டும். மூன்று திசை அளவையும் செ.மீ.யில் எடுத்துப் பெருக்கி, அதை 0.52-ஆல் பெருக்கினால் கனஅளவு மி.லி.யில் வரும். அதை ரிப்போர்ட்டில் எழுதினால் அடுத்த டாக்டருக்கு உதவும்.

கட்டிக்குள் ரத்தம் ஓடுகிறதா என்று காட்டும் டாப்ளர் ஸ்கேனில்தான் அதிகம் தவறுகிறது. வேக ஸ்கேல் உயரத்தில் கிடந்தால் மெல்லிய ஓட்டம் தெரியாது, 'ஓட்டமில்லை' என்று ரிப்போர்ட் போய்விடும். ஸ்கேலை 10 செ.மீ./நொடிக்குக் கீழே இறக்கி, மெதுவான ஓட்டத்தை வடிகட்டிவிடும் வால் ஃபில்டரைக் குறைத்து, திரையில் ஓட்டம் பார்க்கும் பெட்டியைக் கட்டியளவுக்குச் சுருக்கி, பிள்ளை அசையாத நேரத்தில் பார்க்க வேண்டும். விலா எலும்பின் நிழல் மறைத்தால் தாயைச் சற்று நடக்கவிட்டு, ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் தெரியும் கட்டியெல்லாம் ரத்தக் கசிவல்ல. இடப்பக்கம், 20 வாரத்திலேயே வெளுத்த கட்டி, மகாதமனியிலிருந்து தனிக் குழாய் என்றால் அது இடம் மாறி வளர்ந்த நுரையீரல் திசுவாக இருக்கலாம். சிறுநீரகத்தோடு ஒட்டிய நீர்க்கட்டி, கூடவே வீங்கிய சிறுநீர்க்குழாய் என்றால் இரட்டைச் சிறுநீரகத்தின் அடைபட்ட மேல்பகுதி. குழந்தைகளுக்கு வரும் புற்றுக்கட்டியான நியூரோபிளாஸ்டோமாவைப் பிரித்தறிவதுதான் சிரமமானது. அதுவும் நீர்க்கட்டியாக வரும், அதற்குள்ளும் ரத்தம் கசியும். கட்டி வளர்ந்துகொண்டே போனாலோ, உள்ளே ஓட்டம் தெரிந்தாலோ, கல்லீரலில் புள்ளிகள் இருந்தாலோ அந்தப் பக்கம் சந்தேகம் போக வேண்டும். எம்.ஆர்.ஐ. பழைய ரத்தத்தை அடையாளம் காட்ட உதவும்.

மறுபக்க அட்ரீனல், சிறுநீரகச் சிரை, கீழ்ப்பெருஞ்சிரை மூன்றையும் விடாமல் பாருங்கள். மூளையின் நடுத்தமனி உச்ச வேகம் அந்த வாரத்து நடுமதிப்பைப் (மீடியன்) போல 1.5 மடங்கைத் தாண்டினால் பிள்ளைக்கு ரத்தசோகை இருக்கலாம்.

ஒரு பக்கக் கசிவு, பிள்ளை நன்றாக இருக்கிறது என்றால் அதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை, முன்கூட்டி எடுக்கவும் வேண்டாம். பச்சிளம் குழந்தைப் பிரிவு உள்ள இடத்தில், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி போன்ற இடத்தில், பிரசவம் நடக்கட்டும். பிறந்ததும் ஹீமோகுளோபின், சர்க்கரை, சோடியம், பொட்டாசியம் பார்ப்பார்கள். மஞ்சள் காமாலை கூடுகிறதா என்று முதல் வாரம் கவனிக்க வேண்டும். இரண்டு பக்கமும் கசிந்திருந்தால் அட்ரீனல் சுரக்கும் ஹார்மோனான கார்ட்டிசாலின் அளவையும் அவசரமாகப் பார்க்க வேண்டும். அட்ரீனலில் கசிந்த ரத்தம் கீழே இறங்கியும் ஆண் பிள்ளைக்கு விதைப்பை நீலம் பாரிக்கலாம்; அதை விதை முறுக்கு என்று அறுவைக்குக் கிளம்பும்முன் வயிற்றை ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். நியூரோபிளாஸ்டோமா சந்தேகம் மிச்சமிருந்தால், அதில் சிறுநீரில் கூடும் வி.எம்.ஏ., எச்.வி.ஏ. என்ற பொருள்களுக்கான பரிசோதனை செய்ய வேண்டும்; கட்டி சுருங்கி மறையும்வரை ஸ்கேன் தொடர வேண்டும்.