உள்ளே ஒரு தாழ்ப்பாள்

ஞாயிற்றுக்கிழமை பென்னாகரம் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போயிருந்தேன். பெண் பிள்ளைகளுக்குத் தனியாக விடுதி கட்டி முடித்திருக்கிறார்கள். இதுவரை கழிவறை வெளியே, புளியமரத்தைத் தாண்டி இருந்தது. ராத்திரி இருட்டில் போகப் பயந்து, சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிக்க மாட்டார்களாம். ஆறாவது படிக்கும் ஒரு பாப்பா சொன்னாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இப்போது கழிவறை கட்டடத்துக்குள்ளேயே. கதவுக்கு உள்பக்கம் இரண்டு தாழ்ப்பாள், ஒன்று சின்னப் பிள்ளைக்கும் எட்டும் உயரத்தில். அதை நாலு தடவை போட்டுத் திறந்து காட்டினாள்.

நன்கொடை கொடுப்பவர்கள் ஒன்று கேளுங்கள். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி இல்லம் பதிவாகியிருக்க வேண்டும். அப்புறம், குழந்தைகள் உதவிக்குக் கூப்பிடும் 1098 என்ற தொலைபேசி எண் பிள்ளைகள் கண்ணில் படுகிறதா பாருங்கள். இங்கே தட்டு கழுவும் தொட்டிக்கு மேலேயே எழுதியிருக்கிறார்கள்.

சித்தேரி, அஞ்செட்டி மலைப்பக்கம் பள்ளி தூரம் என்று படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசுவது இன்னும் நடக்கிறது. நம்பி விட ஒரு விடுதி இருந்தால் அந்தப் பெண் பன்னிரண்டாவது முடிப்பாள்.

ஜன்னல்களுக்குக் கொசுவலை மட்டும் பாக்கி. மொத்தம் பத்து ஜன்னல். அடுத்த ஞாயிறு நான் போகிறேன், யார் கூட வருகிறீர்கள்?