பழைய ஆர்பிஜி, எளிய மடிக்கணினி: எதை முதலில் ஏற்றலாம், எதைத் தள்ளி வைக்கலாம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் வீட்டுக்கு வரும் மடிக்கணினி பெரும்பாலும் இரண்டு ரகம். ஒன்று, ஈப்போ கடைகளில் சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கும், அலுவலகங்கள் கழித்துவிட்ட திங்க்பேட், லேட்டிட்யூட் வகை. நான்காம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. மற்றது, பிள்ளைகளின் படிப்புக்கென்று வாங்கிய, செலரான் என்ற மலிவுச் செயலி உள்ள மடிக்கணினி. இரண்டிலும் அருமையான ஆர்பிஜிகள், அதாவது ஒரு கதாபாத்திரமாக இருந்து கதையை ஆடும் கேம்கள், ஓடும். ஆனால் வெளிவந்த ஆண்டை மட்டும் பார்த்து, "பழசுதானே" என்று இறக்கினால் பல நேரம் கருப்புத் திரைதான் மிஞ்சும்.

ஆண்டைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியவை இரண்டு. காட்சிகள் வரைந்த படங்களா, முழு முப்பரிமாணமா? அந்த கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளான எஞ்சினை இன்றைய விண்டோஸுக்கு ஏற்ப யாராவது பராமரிக்கிறார்களா? இரண்டாவது கேள்விக்கு "ஆம்" என்றால் பாதி வேலை முடிந்தது.

அதனால் முதல் பரிந்துரை பால்டர்ஸ் கேட். 1998இல் வந்தது, பின்னணி முழுவதும் வரைந்த படம் என்பதால் இன்டெல் கிராபிக்ஸுக்குச் சுமை குறைவு. பழைய பதிப்பு 640க்கு 480 என்ற அளவுக்காகச் செய்யப்பட்டது, 1366க்கு 768 திரையில் அது மங்கலாக இழுபடும். 2012இல் வந்த என்ஹான்ஸ்டு எடிஷனை வாங்குங்கள். அகலத் திரையில் சரியாக உட்காரும், பெரிதாக்கிச் சிறிதாக்கியும் பார்க்கலாம். சண்டையை ஸ்பேஸ் பாரால் நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் கட்டளை கொடுத்துவிட்டுத் தொடரலாம் என்பதால் மௌஸ் இல்லாதவர்களும் டச்பேடில் சமாளிக்கலாம். முதல் நிலையில் கதாபாத்திரங்களின் உயிர்ப்புள்ளி மிகக் குறைவு. ஒரு ஓநாயே ஆளை முடித்துவிடும். அடிக்கடி சேவ் செய்யுங்கள்.

அதே குடும்பத்தில் பிளேன்ஸ்கேப் டோர்மெண்ட் (1999, புதுப்பித்த பதிப்பு 2017) இருக்கிறது. எழுத்து மிகுந்த கேம். சண்டையைவிடப் பேச்சில்தான் அதன் உயிர். ஆங்கில வாசிப்பில் பழக்கம் உள்ளவருக்கு இதைவிட நல்ல கதை கிடைப்பது கடினம். மற்றவர்கள் பால்டர்ஸ் கேட்டில் தொடங்குவது நல்லது.

ஃபால்அவுட் முதல் பாகம் (1997), இரண்டாம் பாகம் (1998) இரண்டும் முறை வைத்து ஆடும் சண்டை. செலரானிலும் நிம்மதியாக ஓடும். இங்கே சிக்கல் தலைகீழ்: கணினி வேகமாக இருப்பதுதான் தொல்லை. உலக வரைபடத்தில் நகரும் வேகம் பழைய செயலிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இரண்டாம் பாகத்துக்கு எஸ்ஃபால் என்ற ரசிகர் திருத்தம் இதைச் சரிசெய்கிறது. முதல் பாகத்தில் கதைப்படி தேட வேண்டிய தண்ணீர்ச் சில்லைக் (வாட்டர் சிப்) கண்டுபிடிக்க 150 நாள்தான் அவகாசம், அது கேமுக்குள் ஓடும் நாள். ஊர் ஊராக வீணாக நடந்தால் தீர்ந்துவிடும். சேவ் இடங்கள் பத்துதான். அனைத்தையும் ஒரே நாள் நிலவரத்தில் நிரப்பிவிடாதீர்கள்.

முப்பரிமாணத்தில் இறங்க ஆசையென்றால் மோரோவிண்ட் (2002). ஒரு தீவு முழுவதும் உங்கள் விருப்பப்படி நடக்கலாம். இதை ஓபன்எம்டபிள்யூ என்ற இலவச எஞ்சின் மூலம் ஓட்டுவதே சிறந்தது. ஆனால் கேமின் அசல் தரவுக் கோப்புகள் வேண்டும். கேமை வாங்கி நிறுவிய பிறகு ஓபன்எம்டபிள்யூவை ஏற்றினால், முதல் முறை திறக்கும்போது வரும் வழிகாட்டி அந்தக் கோப்புகளைக் கேட்டு எடுத்துக்கொள்ளும். அமைப்புகளில் நிழலை அணைத்துவிடுங்கள், நீரின் பிரதிபலிப்பையும் தூரத்து நிலத்தையும் அணைத்துவிடுங்கள், பார்வைத் தூரத்தைப் பாதி அளவுக்கும் கீழே கொண்டுவாருங்கள். தொடக்க ஊரான சேடா நீனில் சீராக ஓடுவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். கட்டடமும் ஆளும் நெருங்கிய பால்மோராவுக்குப் போய்ப் பாருங்கள்; அங்கே தாங்கினால் மற்ற இடங்களில் பெரும்பாலும் தாங்கும்.

கோட்டோர் (2003), அதாவது ஸ்டார் வார்ஸ் பழைய குடியரசுக் கதை, இன்டெல் கிராபிக்ஸில் அடிக்கடி முரண்டு பிடிக்கும். கேம் கோப்புறையில் உள்ள, அமைப்புகள் எழுதப்பட்ட ஐஎன்ஐ கோப்பை நோட்பேடில் திறந்து, கிராபிக்ஸ் ஆப்ஷன்ஸ் பகுதியின் கீழ் ‘டிஸேபிள் வெர்டெக்ஸ் பஃபர் ஆப்ஜெக்ட்ஸ்=1’ என்ற வரியை ஆங்கிலத்தில் சேருங்கள். ஃபிரேம் பஃபர் எஃபெக்ட்ஸ், சாஃப்ட் ஷேடோஸ் இரண்டையும் அணைத்துவிடுங்கள். சண்டை முடிந்தபின் கதாநாயகன் நகராமல் நின்றுவிட்டால் காரணம் வினாடிக்கு 60 ஃபிரேமுக்கு (திரையில் வரையும் படத்துக்கு) மேல் ஓடுவது. ஃபிரேம் வேகத்தைத் திரையின் வேகத்தோடு கட்டிப்போடும் விசிங்க் அமைப்பை இயக்கினால் சரியாகிவிடும்.

ஆப்லிவியன் (2006), டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸ் (2009) இரண்டையும் 4 ஜிபி ரேமில் ஏற்றாதீர்கள். முதலில் ரேம் சேருங்கள். தனி கார்டு இல்லாத மடிக்கணினியில் கிராபிக்ஸும் அதே ரேமைத்தான் பங்கு போடுகிறது. ஒரு துண்டுக்குப் பதில் இரண்டு துண்டு போட்டால் நினைவகப் பாதை 64 பிட்டிலிருந்து 128 பிட் ஆகும். கேமில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். வாங்குமுன் பின்மூடியைத் திறந்து பாருங்கள். திங்க்பேட் எக்ஸ்240இல் ஒரே ஒரு செருகிடம்தான். நான்காம் தலைமுறை யு வகைச் செயலிகளுக்கு (பெயரின் கடைசியில் யு எழுத்து இருக்கும்) 1.35 வோல்ட் டிடிஆர்3எல் ரேம் வேண்டும், 1.5 வோல்ட் டிடிஆர்3 பார்க்க அதே மாதிரி இருக்கும், போட்டால் கணினி எழும்பாது. இந்தத் தவறில்தான் காசு அதிகம் வீணாகிறது.

அடுத்தது சூடு. தகரக்கூரை வீட்டில் மத்தியானம் இரண்டு மணிக்கு எந்தக் கணினியும் திணறும். பழைய கேம்கள் பலவற்றுக்கு ஃபிரேம் கட்டுப்பாடே இல்லை. வெறும் மெனு திரையிலேயே வினாடிக்கு நூற்றுக்கணக்கில் வரைந்து தள்ளி விசிறியை அலறவைக்கும். விசிங்கை இயக்குங்கள். பிறகு பவர் ஆப்ஷன்ஸில் மேம்பட்ட அமைப்புகளுக்குப் போய், செயலியின் உச்ச நிலையை 100இலிருந்து 99 சதவீதமாக்குங்கள். பெரும்பாலான கணினிகளில் டர்போ, அதாவது செயலி தன் வேகத்தைத் தானே கூட்டிக்கொள்ளும் வசதி, அணைந்து சூடு நன்றாகத் தணியும். இந்த கேம்களுக்கு டர்போ தேவையும் இல்லை. மெத்தையின் மேல் வைத்து ஆடாதீர்கள். சாயங்கால இடிமழை தொடங்கினால் சார்ஜரைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஆடுங்கள்.

அலமாரியில் அசல் டிஸ்க் கிடந்தாலும் அதை நம்ப வேண்டாம். அக்காலத்து டிஸ்குகள் பலவற்றில் இருந்த, நகலெடுப்பைத் தடுக்கும் சேஃப்டிஸ்க் பூட்டை விண்டோஸ் 10 ஆதரிப்பதில்லை. 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிறுவிகளும் ஓடாது. கேம் விற்கும் ஜிஓஜி தளத்தில் பூட்டில்லாத பதிப்பு கிடைக்கும், நிறுவியைத் தனிக் கோப்பாகவே இறக்கலாம். கைப்பேசி டேட்டாவை நம்பியிருப்பவர்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) நல்ல இணைப்புள்ள சொந்தக்காரர் வீட்டில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவரலாம். பெரிய கேம்களை அவர்கள் 4 ஜிபி துண்டுகளாகப் பிரித்தே தருகிறார்கள். எல்லாத் துண்டும் ஒரே கோப்புறையில் இருந்தால்தான் நிறுவி வேலை செய்யும். ஓடவில்லையென்றால் 30 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இன்னொரு கேம் கடையான ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திருப்பித் தருவார்கள். ஆகவே வாங்கிய அன்றே சோதித்துவிடுங்கள்.

நிறுவும்போது புரோகிராம் ஃபைல்ஸைத் தவிர்த்து, சி டிரைவில் ‘கேம்ஸ்’ என்று தனிக் கோப்புறை போட்டு அங்கே வையுங்கள். ஃபால்அவுட் போன்றவை சேவ் கோப்புகளை கேம் கோப்புறைக்குள்ளேயே எழுதும். புரோகிராம் ஃபைல்ஸில் எழுத விண்டோஸ் அனுமதிக்காமல் வேறு மறைவிடத்தில் போட்டுவிடும், தேடினால் கிடைக்காது. பால்டர்ஸ் கேட் டாக்குமெண்ட்ஸில் எழுதும். அது ஒன்டிரைவோடு இணைந்திருந்தால் ஒவ்வொரு சேவும் உங்கள் டேட்டாவைத் தின்னும். அந்தக் கோப்புறைக்கு ஒத்திசைவை நிறுத்திவிட்டு, வாரம் ஒருமுறை சேவ்களைப் பென் டிரைவில் பிரதி எடுத்து வையுங்கள்.